அசையாத முள்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுப் படபடப்பு வந்தது, புது ஹார்பரில் கயிறு அறுந்து ஒருவர் செத்துப்போன பிறகுதான். எழுபதுகளின் பிற்பாதி அது. அவர் கப்பலில் வின்ச் ஓட்டினார். மூட்டைகளைக் கயிற்று வலையில் கட்டி, கப்பலின் அடிவயிற்றிலிருந்து தூக்கிக் கரையில் இறக்குகிற வேலை. அன்றைக்கு உர மூட்டைகளோடு பாதி உயரம் வந்த வலை, கயிறு அறுந்து கீழே போய்விட்டது. கீழே நின்றவர் தருவைகுளத்துக்காரர். மத்தியானச் சாப்பாட்டை இவரோடு பங்கு போட்டுச் சாப்பிடுகிறவர். கயிறு உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தது, வின்ச் ஓட்டியவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள்.

அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தவர், மறுபடி வேலைக்குப் போன அன்று கப்பல் ஏணியில் பாதியில் நின்றுவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் கையைப் பிடித்து இறக்கி, சைக்கிள் ரிக்ஷாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சட்டை முழுக்க நனைந்திருந்தது. நெஞ்சு வெளியே வந்து விழுந்துவிடும் போல இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

தெரு முனை டாக்டர் இருதயமாக இருக்கும் என்றார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தோம். இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று வந்தது. ஆனால் நாடி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பிரஷரும் ஏறியே இருந்தது. சரக்கு ஏற்றி இறக்கும் காண்டிராக்டரிடம் ஒரு டாக்டர் உண்டு. நாடி இறங்காமல் வேலைக்குத் தகுதி என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அவர் முன்னால் போய் உட்கார வேண்டும் என்று நினைத்தாலே இவருக்கு நாடி இன்னும் ஏறும். ஏறினால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லை என்ற கவலையில் மறுபடி ஏறும்.

வீட்டில் எந்நேரமும் ஒரு கையின் விரல்கள் மறு கை மணிக்கட்டில் இருக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு அசைய எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணி முடித்ததும் முகம் வெளுத்துவிடும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, எங்கும் அதே எண்ணிக்கைதான். விடிகிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டு நெஞ்சில் காதை வைத்துக் கேட்கச் சொல்வார்.

"வேகமா அடிக்குதாளா?"

"அடிக்குது."

பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொல்வேன். காதுக்குள் அவர் இருதயம் கதவைத் தட்டுகிற மாதிரி தட்டும். எனக்குப் பயமும் வராது, பாவமாகவும் இருக்காது. கேட்டுவிட்டு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போவேன்.

அவர் கூப்பிட்டதும் எழுந்துவிடுகிறேனே என்று அவருக்கு என்மேல் பெரிய நம்பிக்கை. உண்மையில் நான் எழுந்திருக்க வேண்டியிருந்ததே இல்லை. அவர் கூப்பிடுவதற்கு வெகு நேரம் முன்னாலேயே விழித்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கயிறு அறுவதற்குச் சில மாதம் முன்னால் எங்கள் பெண் குழந்தை இறந்ததிலிருந்தே அப்படித்தான். தவழ ஆரம்பித்திருந்தாள். காய்ச்சல் கண்டு இரண்டு நாளில் போய்விட்டாள். அடக்கம் செய்த அன்று கதறினேன். கொஞ்ச நாளில் அழுகை நின்றுபோனது. மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டாள், கெட்டிக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கப்புறம் சோறு மண் மாதிரி இருந்தது. ரவிக்கை ஒவ்வொன்றாகத் தொளதொளத்தது. மாதவிலக்கு நின்றது. வெயில் காலத்திலும் கை சில்லென்றிருந்தது. இதெல்லாம் ஒரு நோய் என்றோ, ஒன்றோடொன்று சேர்ந்தது என்றோ எனக்குத் தோன்றவில்லை. வாழ்க்கை இனி இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். கடற்கரைப் பக்கம் போகும்போதெல்லாம், இப்படியே உள்ளே நடந்தால் திரும்ப வேண்டியதில்லையே என்ற நினைப்பு வரும். அது வந்தபோதும் மனசு துடிக்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

அவருக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊரிலிருந்து அவருடைய அக்கா வந்தார். நான் மைனி என்று கூப்பிடுவேன். வயல் வேலையையும் மாட்டையும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுத் தம்பிக்காக வந்த மனுஷி. வந்ததிலிருந்து என்னைப் பற்றித் தெருவெல்லாம் பெருமை பேசினார். இவ்வளவுக்கும் இவள் அசராமல் நிற்கிறாள், இவள் இல்லாவிட்டால் என் தம்பி என்ன ஆவான் என்று.

பாளையங்கோட்டையிலிருந்து வாரம் ஒரு நாள் தூத்துக்குடிக்கு ஒரு டாக்டர் வருவார், மனக் கோளாறு பார்க்கிறவர், அவரிடம் காட்டுங்கள் என்று ஈ.சி.ஜி. எடுத்த இடத்தில் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் கொதித்துப்போனார். எனக்கென்ன பைத்தியமா என்று கத்திவிட்டு உடனே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்த டாக்டர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் காண்டிராக்டரின் டாக்டர் ஒத்துக்கொள்வார் என்று தெரிந்ததும், மூன்று பேருமாகக் கிளம்பினோம்.

டாக்டருக்கு நடு வயது. மெட்ராஸ் பக்கத்துப் பேச்சு. நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், மூச்சு எப்படி வாங்குகிறார் என்று பேசாமல் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு ரேடியோ அளவில் ஒரு மரப்பெட்டியை மேஜையில் எடுத்து வைத்தார். முன்பக்கம் கண்ணாடிக்குள் ஒரு முள். பக்கவாட்டில் இரண்டு வயர், நுனியில் மோதிரம் போல வளைத்த தகடுகள். அதை விரலில் மாட்ட வேண்டும் என்றதும் இவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். மனக் கோளாறு ஆஸ்பத்திரியில் கரண்ட் வைப்பார்கள் என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "உள்ளே இருக்கறது டார்ச் லைட் பாட்டரிதான். பயம் வந்தா உள்ளங்கை கசியும். நம்ம கண்ணுக்கே தெரியாது. அந்த ஈரத்துல முள் ஏறும். நீங்க எதுக்கு எவ்வளவு பயப்படறீங்கன்னு பார்க்கலாம், அவ்வளவுதான்."

இவர் கையை நீட்டவே இல்லை. டாக்டர் என் பக்கம் திரும்பி, அப்படியானால் முதலில் உங்கள் மனைவிக்கு மாட்டிக் காட்டுகிறேன், பார்த்துவிட்டு நீங்கள் மாட்டிக்கொள்ளலாம் என்றார். மைனி என்னை முன்னால் தள்ளினார். நான் போய் உட்கார்ந்தேன். தகடு இரண்டும் என் விரல்களில் ஏறின.

டாக்டர் கண் ஜாடை காட்டியிருக்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் நர்ஸ் ஒரு இரும்புத் தட்டைத் தரையில் போட்டார். என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். மைனி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தேன், தட்டுதான் என்று தெரிந்தது, மறுபடி முன்னால் பார்த்தேன். முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

வயர் விட்டுப்போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். தகடுகளைக் கழற்றி நர்ஸின் விரலில் மாட்டினார். அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்ததற்கே முள் ஏறியது. மறுபடி எனக்கு மாட்டினார். மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னார். கையைத் தட்டினார். முள் நகர்ந்ததா என்று சந்தேகப்படும்படி லேசாக ஆடி அடங்கியது. டாக்டரின் முகம் மாறியது. என் வீட்டுக்காரருக்குக் காட்டுவதற்காகப் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"குழந்தைங்க இருக்காங்களாம்மா?"

"ஒண்ணு இருந்துச்சு."

"இப்ப?"

"செத்துப்போச்சு."

சொல்லும்போது நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. என் பிள்ளை செத்துப்போனது என்று என் வாயால் சொல்கிறேன், என் உடம்பில் ஒரு பொட்டு ஈரம் கசியவில்லை. அத்தனை மாதமாக எனக்கு நானே சொல்லாததை அந்தப் பெட்டி எல்லோர் முன்னாலும் காட்டிவிட்டது மாதிரி இருந்தது.

டாக்டர் மற்ற இரண்டு பேரையும் வெளியே இருக்கச் சொன்னார். தகடுகளைக் கழற்றிவிட்டார். நர்ஸ் மட்டும் இருந்தார். தூக்கம், சாப்பாடு, எடை, மாதவிலக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதெல்லாம் எப்படி இவருக்குத் தெரியும் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே பதில் சொன்னேன். விடியும் முன்னால் விழித்துக் கிடக்கும்போது என்ன நினைப்பீர்கள் என்று கேட்டார். ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று, தலைவலிக்கிறதா என்று கேட்பது போலவே கேட்டார்.

கதவுக்கு அந்தப் பக்கம் இவர் செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு, தோன்றுகிறது என்று சொன்னேன். அப்போது விரலில் தகடு இருந்திருந்தால் முள் ஏறியிருக்குமா என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். தெரியவில்லை.

அவர்களை உள்ளே கூப்பிட்டு, எனக்கு மனச்சோர்வு நோய், சாகிற நினைப்பும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது மைனிதான் முதலில் பேசினார்.

"நோயாளி இவன் இருக்கான். இவளுக்கு என்ன? சோறு பொங்குதா, துணி துவைக்கா, வீட்டக் கட்டிக் காப்பாத்துதா. ரெண்டு பேரையும் பைத்தியமாக்கி அனுப்பிறாதீங்க அய்யா."

டாக்டர் கோபப்படவில்லை. முள்ளை மட்டும் வைத்துச் சொல்லவில்லை, சிலருக்குச் சும்மாவே உள்ளங்கை வறண்டிருக்கும், அது அசையாததால்தான் நான் மற்றதைக் கேட்டேன், கேட்டதில் எல்லாம் சேர்ந்து வருகிறது என்று விளக்கினார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க நாடி ஓடறதால நீங்க சாக மாட்டீங்க. இவங்களைத் தனியா விடாதீங்க. மாத்திரை எதுவும் இவங்க கையில இருக்கக் கூடாது. நான் விளையாட்டுக்குச் சொல்லல."

அன்றைக்கு என் வீட்டுக்காரர் விரலில் அந்தத் தகட்டை மாட்டவே இல்லை. மாட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

வெளியே வந்து நடந்தோம். மைனி முன்னால் முனகிக்கொண்டே போனார். மூடிக் கிடந்த ஒரு கடையின் படியருகே இவர் நின்றார்.

"நெசமாவே நெனச்சியாளா?"

"ஆமா."

அவர் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மணிக்கட்டைப் பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீடு ஒரு காவல் வீடாகிப்போனது. குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை அவரே திருப்புளி வைத்துக் கழற்றினார். மைனி வாசலுக்குக் குறுக்கே பாயை விரித்துப் படுத்தார். என் வீட்டுக்காரருக்கு டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரை, என்னுடைய மாத்திரை எல்லாம் மைனியின் சுருக்குப்பையில். குழாயடிக்குப் போனால் ஒருவர் பின்னாலேயே வருவார். யாரும் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பாத்திரம் உருண்டால்கூட இரண்டு பேரும் ஓடி வருவார்கள். எனக்குக் கொடுத்த மாத்திரையில் நாக்கு ஒட்டிக்கொண்டது, கண் மங்கியது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. வேலை செய்ய நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளாக ஆக, இவர்கள் எனக்காக இப்படிக் கிடந்து சாக வேண்டுமா, நான் போய்விட்டால் இவர்களாவது தூங்குவார்களே என்ற நினைப்புதான் கூடியது.

ஒரு மத்தியானம் மைனி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். இவர் எனக்குக் காவலாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், மாத்திரை அசதியில் கண் அசந்துவிட்டார். நான் எழுந்தேன். செருப்புப் போடவில்லை. கதவைச் சாத்தினேனா என்று நினைவில்லை. தெருவைத் தாண்டி, மீன் உலர்கிற இடத்தைத் தாண்டி, கடற்கரைக்கு வந்துவிட்டேன். மணல் கொதித்திருக்க வேண்டும். கால் சுட்டதாக நினைவில்லை. எதற்குப் போனேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. சாகப் போனேன் என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகம். திரும்பி வரலாம் என்று போனேன் என்றால் அது பொய்.

சங்கு குளிக்கப் போன வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. கூட்டமாக இருந்தது. ஈரத்தோடு இறங்கிய ஒருவர் என்னைக் கடந்து போனார். ஆழத்தில் மூழ்கியதில் மூக்கிலிருந்து லேசாக ரத்தம் வந்திருந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டே நடந்தார். தள்ளிப் போங்கம்மா என்றார் யாரோ. நான் கூட்டத்தை விட்டு விலகி, தண்ணீர் கணுக்காலில் ஏறும் இடத்தில் போய் நின்றேன்.

பின்னால் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் ஓடி வந்துகொண்டிருந்தார். சட்டையில்லை. வேட்டியை ஒரு கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார், ஆட்கள் வைதார்கள். ஏணிப் படி ஏறினால் இருதயம் நின்றுவிடும் என்று மாதக்கணக்கில் வீட்டுக்குள் கிடந்த மனிதர், வீட்டிலிருந்து அங்கே வரை அந்த வெயிலில் ஓடி வந்திருக்கிறார். வந்து என் கையைப் பிடித்தார். பேச முடியவில்லை. அவர் உள்ளங்கை குளித்தது போல் நனைந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"செத்துருவேன் போல இருக்குளா," என்றார். இத்தனை நாளும் சொல்கிற அதே பேச்சுதான். பிறகு, "நீ வீட்டுக்கு வா," என்றார்.

என் கையை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தேன். எத்தனையோ காலையில் காதை வைத்துக் கேட்ட அதே அடிதான். ஆனால் அன்று அது நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. மெய்யான பயம். அப்படி ஒன்று என் உடம்பில் ஏற்பட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஒக்காருங்க," என்றேன். "அங்கன நெழலு இருக்கு, வாங்க."

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் அவரைச் சாய்த்து உட்கார வைத்தேன். யாரோ ஒரு அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மூச்சு இறங்கும் வரை உட்கார்ந்திருந்தோம். பாதம் எரிகிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதே இருட்டுதான். ஆனால் நடந்ததை டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் மாத்திரையைக் கூட்டினார். ஒவ்வொரு வாரமும் எடை பார்த்தார், நாடி பார்த்தார், எப்போது விழித்தீர்கள் என்று கேட்டார். அந்தப் பெட்டியையும் சில தடவை மாட்டினார். கொஞ்ச நாளில் விடிந்த பிறகு விழிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் மீன் குழம்பு வாசனைக்கு வாயில் எச்சில் ஊறியது. மைனி வைத்த குழம்பு. இரண்டாம் தடவை சோறு கேட்டேன். மைனி போட்டுவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில், விரலில் தகடு இருந்தபோது, யாரோ எதையோ கீழே போட்ட சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு அழுகை வந்தது. குழந்தையின் பெயரைச் சொல்லி அழுதேன். டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். முள் என்ன காட்டியது என்று நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரரின் படபடப்புக்கும் அதே டாக்டர்தான் வழி சொன்னார். முதலில் ஹார்பர் வாசல் வரை போய்த் திரும்ப வேண்டும். நாடி அடங்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும், எண்ணக் கூடாது. அப்புறம் ஷெட் வரை. அப்புறம் கப்பல் தெரிகிற இடம் வரை. சில நாள் நானும் கூடப் போனேன். ஏணி வரை போய்விட்டார். ஏறவும் செய்தார். வின்ச்சைத் தொட்டுவிட்டு இறங்கி வந்து, இது இனி எனக்கு வேண்டாம், பயத்தில் சொல்லவில்லை, செத்தவர் நின்ற இடம் மேலே இருந்து பார்த்தால் தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய எனக்கு இஷ்டமில்லை என்றார். டாக்டர் கடிதம் கொடுத்தார். ஷெட்டில் தரையில் ஓட்டுகிற வண்டி வேலைக்கு மாற்றிக்கொடுத்தார்கள். சம்பளம் கொஞ்சம் குறைவு. தருவைகுளத்து வீட்டுக்கு அதற்கப்புறம்தான் எங்களால் போக முடிந்தது. இறந்தவரின் மனைவி எங்களை உட்காரச் சொன்னார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார், சாப்பிட்டோம்.

பிறகு எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். அவன் தலை நிற்கத் தொடங்கிய சமயம், மறுபடி எனக்கு விடியும் முன்பே விழிப்புத் தட்டியது. முதல் நாள் பேசாமல் இருந்தேன். அடுத்த நாளும். மூன்றாம் நாள் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அவர் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"எனக்கு மறுபடி வருது போல இருக்கு," என்றேன்.

அவர் வாயைக் கொப்பளித்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டினார். மைனி ஊரிலிருந்து வந்து கூட இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டுப் பையன் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் புடவை மாற்றிக்கொண்டு வந்தேன். டாக்டர் தூத்துக்குடிக்கு வருகிற நாளுக்குக் காத்திராமல், பாளையங்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.